இரண்டு நட்சத்திரம்

பெர்லினின் தென்கிழக்கில், ஒரு காலத்தில் தனி ஊராக இருந்த கோப்பெனிக் என்ற பகுதியில், நகராட்சி மாளிகையின் வாசலில், ஒரு மோசடிக்காரருக்கு வெண்கலத்தில் சிலை வைத்திருக்கிறார்கள். முப்பத்துநாலு வருஷம் காக்கி போட்டவனுக்கு அதைப் பார்த்ததும் முதலில் வந்தது எரிச்சல்தான். ஆள்மாறாட்டம், சட்டவிரோதக் காவல், அரசுப் பணம் அபகரிப்பு, பொய்க் கையெழுத்து. கை தானாகச் சட்டைப் பையில் பேனாவைத் தேடியது. மகள் சிரித்தாள்.

"விடுங்கப்பா. நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. கேஸை எப்பவோ முடிச்சுட்டாங்க."

அவள் வீட்டில் மூன்று மாதம் தங்கப் போயிருந்தேன். பேரன் பள்ளிக்குப் போய்விட்டால் எனக்கு வேலையில்லை. டிராமில் ஏறி இறங்கி, கண்ணில் பட்டதையெல்லாம் விசாரித்துக்கொண்டிருந்தேன். விசாரிக்கிற புத்தி ஓய்வுபெறவில்லை. சிலைக்குரியவரின் கதையை அப்படித்தான் முழுதாகத் தெரிந்துகொண்டேன்.

பெயர் வில்ஹெல்ம் ஃபோக்ட். 1849இல் டில்ஸிட்டில் ஒரு செருப்புத் தைப்பவரின் மகனாகப் பிறந்து அதே தொழிலைக் கற்றவர். பதினாலு வயதிலேயே திருட்டு வழக்கு. வாழ்நாளில் நீண்ட பகுதி சிறையில் போயிற்று. கடைசியாக விதித்த பதினைந்து வருஷத்தை முடித்துக்கொண்டு 1906 பிப்ரவரியில் வெளியே வந்தார். வடக்கே விஸ்மார் நகரில் ஒரு செருப்புக் கடைக்காரர் வேலை கொடுத்தார். ஒழுங்காகத்தான் வேலை பார்த்திருக்கிறார். உள்ளூர் போலீஸ் பழைய கணக்கைப் புரட்டிப் பார்த்து, இங்கே இருக்கக் கூடாது என்று வெளியேற்றியது. பெர்லின் பக்கம் சகோதரி வீட்டுக்கு வந்தார். ஆகஸ்டில் அங்கிருந்தும் போகச் சொல்லி உத்தரவு. எங்கே போவது என்பது உத்தரவில் இல்லை.

எங்கள் ஸ்டேஷன்களில் சரித்திரப் பதிவேடு என்று ஒன்று உண்டு. அதில் ஒருவன் பெயர் ஏறிவிட்டால் ஊரில் ஆடு காணாமல் போனாலும் அவன் வீட்டுக் கதவைத்தான் முதலில் தட்டுவோம். நானும் தட்டியிருக்கிறேன். அதனால் விஸ்மார் போலீசைக் குறை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. அவர்கள் எப்படி யோசித்திருப்பார்கள் என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.

ஃபோக்ட் பழைய துணிக் கடைகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வாங்கி ஒரு முழு யூனிஃபார்மைச் சேர்த்தார். முதலாம் காலாட்படைக் காவல் ரெஜிமென்ட்டின் கேப்டன் உடை. அன்றைய ஜெர்மனியின் பிரஷ்ய ராஜ்யத்தில் அதற்கு மேல் கௌரவமான ரெஜிமென்ட் கிடையாது. 1906 அக்டோபர் 16ஆம் தேதி மதியம் அதைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினார். பெர்லின் பக்கம் ப்ளோட்ஸன்ஸே ஏரிக்கரையில் ராணுவ நீச்சல் தளம் ஒன்று இருந்தது. அங்கே காவல் முடிந்து பாசறைக்குத் திரும்பிக்கொண்டிருந்த சிப்பாய்களை நடுத்தெருவில் நிறுத்தி, "மேலிடத்து உத்தரவு, என் பின்னால் வாருங்கள்" என்றார். இன்னொரு காவலிலிருந்து வேறு சிலரையும் சேர்த்துக்கொண்டார். ஏறக்குறைய பத்துப் பேர். துப்பாக்கி அவர்களுடையது, ரவை அவர்களுடையது. இவரிடம் இருந்தது சட்டை மட்டும். ரயிலில் கோப்பெனிக் வந்து, நகராட்சி மாளிகையின் வாசல்களை அடைத்து, மேயர் கேயோர்க் லாங்கர்ஹான்ஸைக் கைது செய்து, கருவூலக் கணக்கைச் சரிபார்க்கச் சொல்லி, 3,500 மார்க்குக்கு மேல் எடுத்துக்கொண்டு, ரசீதும் கொடுத்தார். வெளியே கூட்டம் சேரவே, உள்ளூர் போலீஸை அழைத்து ஒழுங்கைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். போலீஸ் பார்த்துக்கொண்டது. (இந்த இடத்தில் நான் சிரிக்கவில்லை. மகள் சிரித்தாள்.) மேயரை வண்டியில் ஏற்றி, காவலோடு பெர்லினிலிருந்த ராணுவக் காவல் மாளிகைக்கு அனுப்பிவிட்டு, மிச்சச் சிப்பாய்களை அரை மணி நேரம் காவல் நிற்கச் சொல்லிவிட்டு, ஸ்டேஷனுக்கு நடந்துபோய் ரயிலேறிவிட்டார்.

பத்து நாளில் பிடித்தார்கள். முன்பு கூடச் சிறையிலிருந்தவன் துப்புக் கொடுத்தான். எந்த நாட்டுப் போலீசும் இப்படித்தான் பிடிக்கும், மற்றதெல்லாம் சினிமா. நாலு வருஷம் தண்டனை. ஊரே சிரித்துக்கொண்டாடியதால், கைசர் இரண்டாம் வில்ஹெல்ம் 1908இல் மன்னித்து விடுவித்தார்.

கோப்பெனிக் போன அன்றைக்கு ஃபோக்டுக்கு வயது ஐம்பத்தேழு. ஐம்பத்தேழு வயதில் எந்த ராணுவத்திலும் ஒருவன் கேப்டனாக இருக்க மாட்டான். மேலே போயிருப்பான், அல்லது வீட்டுக்குப் போயிருப்பான். அந்தச் சிப்பாய்களில் ஒருவன்கூட முகத்தைப் பார்த்து வயதைக் கணக்குப் போடவில்லை. கண் தோள் வரை போய் அங்கேயே நின்றுவிட்டது.

அந்தத் தோளில் இருந்தது என்ன என்று பார்க்க ஆசை வந்தது. மருமகன் பழைய புத்தகக் கடையிலிருந்து ஜெர்மானிய ராணுவச் சீருடைகள் பற்றிய தடிமனான படப் புத்தகம் ஒன்று கொண்டுவந்தார். பாஷை புரியாது, படம் புரியும். பிரஷ்யத் தோள்பட்டைக்கு ஒரு வினோதமான கணக்கு இருக்கிறது. இளநிலை ஆபீசருக்குத் தட்டையான வெள்ளிச் சரிகை. லெப்டினன்ட்டுக்கு அதில் நட்சத்திரமே கிடையாது. அவருக்கு மேலே ஓபர்லெப்டினன்ட்டுக்கு ஒன்று. ஹவுப்ட்மன் என்கிற கேப்டனுக்கு இரண்டு. சரி, அடுத்து மேஜர் ஆனால் மூன்று என்றுதானே நினைப்போம்? இரண்டும் போய்விடும். சரிகை மட்டும் பின்னலாக மாறும். அந்த வெறும் பின்னலிலிருந்து மறுபடி ஒன்று, இரண்டு. ஜெனரலானால் பொன்னும் வெள்ளியும் முறுக்கிய பின்னல், அங்கேயும் ஆரம்பம் வெறுமைதான். எல்லாவற்றுக்கும் உச்சியில் ஃபீல்ட் மார்ஷலுக்கு, குறுக்கே போட்ட இரண்டு கோல்கள். சாதாரணச் சிப்பாயிலிருந்து முதல் படி ஏறியவனுக்குக் காலரில் ஒரு பித்தான். அந்தப் பதவிக்குப் பெயர் கெஃப்ரைட்டர். விலக்குப் பெற்றவன் என்று அர்த்தமாம். சில காவல் வேலைகளிலிருந்து விலக்கு. பதவி உயர்வு என்பதன் ஆதி அர்த்தத்தை இவ்வளவு ஒளிவுமறைவில்லாமல் சொன்ன பாஷை வேறு இருக்காது.

எஸ்.ஐ.யாகச் சேர்ந்தபோது எனக்கும் தோளில் இரண்டு நட்சத்திரம். கீழே சிவப்பு நீல ரிப்பன். இன்ஸ்பெக்டரானதும் மூன்று. டி.எஸ்.பி.க்கும் மூன்றுதான், ரிப்பன் மட்டும் இருக்காது. ரிப்பனைப் பார்த்து வித்தியாசம் கண்டுபிடிக்கிற பொதுஜனத்தை நான் இதுவரை பார்த்ததில்லை.

அந்தப் புத்தகத்தைப் புரட்டிய இரவில் தூக்கம் வரவில்லை. அம்மா சொன்ன கதை ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டது.

திருக்கோவலூரை ஆண்ட மெய்ப்பொருள் நாயனாரைப் போரில் வெல்ல முடியாத முத்தநாதன் திருநீறு பூசி, சடை முடித்து, புத்தகச் சுவடிக்குள் கத்தியை மறைத்துக்கொண்டு இரவில் வருகிறான். வாசல் காவலன் தத்தன் தடுக்கிறான். வேடம் பொய் என்று தெரியாமலே ராஜா எழுந்து, அவனுக்கு ஆசனம் கொடுத்துத் தான் தரையில் உட்கார்ந்து வணங்குகிறார். குத்துகிறான். தத்தன் வாளோடு பாய்கிறான். ராஜா தடுத்து, இவருக்கு ஒரு கெடுதலும் வராமல் ஊர் எல்லை தாண்டிக் கொண்டுபோய் விடு என்கிறார். விட்டாயிற்று என்று தத்தன் வந்து சொல்லும்வரை உயிரைப் பிடித்துவைத்திருக்கிறார்.

சின்ன வயதில் அம்மாவிடம் கேட்டேன்: "ராஜா ஏமாளிதானேம்மா?" அம்மா சொன்னாள்: "அவர் அவனைக் கும்பிடலைடா. நீத்தைக் கும்பிட்டார்."

அப்படியென்றால் கோப்பெனிக் சிப்பாய்கள் மட்டும் செய்ததென்ன? அவர்களும் ஃபோக்டைக் கும்பிடவில்லை. இரண்டு நட்சத்திரத்தைக் கும்பிட்டார்கள். ஒருவரை அறுபத்துமூவரில் வைத்தோம், மற்றவர்களை வைத்து உலகமே சிரித்தது. சின்னத்துக்கு மரியாதை செய்வதுதான் பக்தி என்றால், பக்திக்கும் மடமைக்கும் நடுவே கோடு எங்கே ஓடுகிறது? ஆள் பாதி ஆடை பாதி என்கிறோம். அந்த ஆடைப் பாதிக்கு நாம் கட்டுப்பட வேண்டியது எதுவரை?

சின்னமே வேண்டாம் என்று சொல்லிவிடலாம். அது வேலைக்கு ஆகாத பேச்சு. கலவரத்தில் கல் பறக்கும்போது, "உங்கள் நியமன ஆணையைக் காட்டுங்கள்" என்று என் கான்ஸ்டபிள் கேட்டிருந்தால் இரண்டு பேரும் செத்திருப்போம். தெரியாத ஆளின் சொல்லை ஒரு நொடியில் நம்புவதற்காகத்தான் தோளில் குறி வைக்கிறார்கள். அந்தக் குறி பொய் சொல்லாது என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை என்பதை ஃபோக்ட் நிரூபித்தார். அது பெரிய விஷயமில்லை. என் கவலை வேறு. குறி பொய்யில்லாமல், நிஜமாகவே தோளில் இருக்கும்போது என்ன செய்வது?

ஞாயிற்றுக்கிழமை பழம்பொருள் சந்தையில் ஒரு பெல்ட் பக்கிள் பார்த்தேன். பித்தளை. நடுவில் பிரஷ்ய மகுடம், அதைச் சுற்றி மூன்று சொல். மகள் படித்துச் சொன்னாள்: கடவுள் நம்மோடு. சிப்பாய்களின் இடுப்பில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து இந்த வாசகம் இருந்திருக்கிறது. மகுடம் போய், ஹிட்லரின் படையில் ஸ்வஸ்திகாவைப் பிடித்த கழுகு வந்தது. வாசகம் அப்படியே இருந்தது. அந்தப் படையில் ஆபீசர்களின் பெல்ட்டில் எழுத்து எதுவும் கிடையாது. முன்னே போய்ச் சாகிறவனுக்குத்தான் கடவுள் துணை தேவை என்று நினைத்தார்களோ என்னவோ. விலை கேட்டேன். சொன்ன விலையில் ஊரில் ஒரு குத்துவிளக்கே வாங்கிவிடலாம். வாங்கவில்லை.

அதே படையின் பாதிரிமார்களின் உடைக்கு அந்தப் படப் புத்தகத்தில் ஒரு தனிப் பக்கம். எந்தப் பிரிவு என்று காட்டக் கலர் வைத்திருந்தார்கள்: காலாட்படைக்கு வெள்ளை, பீரங்கிப் படைக்குச் சிவப்பு, டாங்கிப் படைக்கு இளஞ்சிவப்பு. பாதிரியாருக்கு ஊதா. ஆபீசர் துணிதான், மார்பில் சங்கிலியில் சிலுவை. தோளில் மட்டும் ஒன்றுமில்லை. சரிகை இல்லை, நட்சத்திரம் இல்லை, பட்டையே இல்லை. அந்தப் பக்கத்தில் ரொம்ப நேரம் நின்றேன். கடவுளின் ஆளுக்குப் பதவி கிடையாது என்பதை ஒரு ராணுவம் தையல்காரர் மூலமாக ஒப்புக்கொண்டிருக்கிறது! சந்தோஷமாக இருந்தது. அப்புறம் தொப்பியைப் பார்த்தேன். மேலே ஸ்வஸ்திகாக் கழுகு, கீழே தேசியக் கலர் வட்டம், இரண்டுக்கும் நடுவில் நெருக்கி ஒரு சின்னச் சிலுவை. சந்தோஷம் போயிற்று. தோளைக் காலியாக விட்டவர்கள் தலையை விடவில்லை.

1934 ஆகஸ்ட் 2ஆம் தேதி அந்தப் படை முழுவதும் ஹிட்லர் என்ற தனிமனிதர் பெயரில் சத்தியம் செய்தது. சத்தியம் கடவுளை முன்வைத்துத்தான் தொடங்கும். ஃபிரான்ஸ் ரைனிஷ் என்ற கத்தோலிக்கப் பாதிரியாரைப் படைக்குக் கூப்பிட்டபோது, அந்தச் சத்தியத்தைச் செய்ய மாட்டேன் என்றார். 1942 ஆகஸ்டில் தலையை வெட்டினார்கள். அடுத்த வருஷம் ஃபிரான்ஸ் யேகர்ஷ்டேட்டர். ஆஸ்திரியக் கிராமத்து விவசாயி, கோவில் பணியாளர், பெண் குழந்தைகளின் தகப்பன். முன்பு ஒருமுறை யூனிஃபார்ம் போட்டுப் பயிற்சி எடுத்தவர்தான். 1943இல் மறுபடி கூப்பிட்டபோது, காயம்பட்டவர்களுக்குச் சேவை செய்யத் தயார், ஹிட்லருக்காகச் சண்டை போட மாட்டேன் என்றார். குடும்பத்தைப் பார் என்றுதான் ஆயரும் சொன்னார். கேட்கவில்லை. ஆகஸ்ட் 9ஆம் தேதி பிராண்டன்பர்க் சிறையில் அவர் தலையும் விழுந்தது. வயது முப்பத்தாறு. 2007இல் திருச்சபை அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தது. உயிரோடு இருந்தபோது அவர் பக்கம் நிற்காத சபைதான்.

மெய்ப்பொருளாருக்கும் யேகர்ஷ்டேட்டருக்கும் மேலோட்டமாகப் பார்த்தால் ஒற்றுமையே இல்லை. ஒருவர் வேடத்தை வணங்கினார், ஒருவர் வேடத்தை மறுத்தார். ஆனால் போலீஸ்காரன் கணக்கு வேறு: சம்பவத்தில் ரத்தம் யாருடையது? இரண்டு இடத்திலும் அவரவருடையது. மெய்ப்பொருளார் தன் மார்பைக் கொடுத்து வணங்கினார். தத்தனின் வாளைக்கூடக் கீழே இறக்கினார். தன் பக்திக்கான விலையை எதிரி தலையில்கூட அவர் கட்டவில்லை. கோப்பெனிக்கில் சல்யூட் அடித்தவர்கள் சிப்பாய்கள், வண்டியில் ஏற்றப்பட்டவர் மேயர். பெரிய காரியங்களிலும் அப்படித்தான். ஒருவன் விறைப்பாக நின்று கீழ்ப்படிந்தான், எங்கோ ஒரு போலந்துக் கிராமம் எரிந்தது. நெற்றியில் இருக்கும் நீறு, நீயும் கடைசியில் இதுதான் என்று பூசியவனுக்குச் சொல்கிறது. தோளில் இருக்கும் நட்சத்திரம் எதிரே நிற்கிறவனைப் பார்த்துத்தான் பேசுகிறது.

ப்ளோட்ஸன்ஸேவுக்கு ஒரு நாள் தனியாகப் போனேன். ஃபோக்ட் சிப்பாய்களை நிறுத்திய அதே பகுதி. அங்கே இருந்த சிறையில் நாஜிக் காலத்தில் 2,800க்கு மேற்பட்டவர்களைக் கொன்றிருக்கிறார்கள். அந்தக் கொட்டகை இப்போது நினைவிடம். சுவரோடு சுவராக ஒரு இரும்பு உத்தரம், அதில் கொக்கிகள். வேறொன்றும் இல்லை.

ஃபீல்ட் மார்ஷல் எர்வின் ஃபான் விட்ஸ்லேபனை இங்கேதான் தூக்கில் போட்டார்கள். 1940இல் ஹிட்லர் கையாலேயே அந்தப் பதவியைப் பெற்றவர், பிறகு அவரைக் கொல்லும் சதியில் சேர்ந்தவர். 1944 ஜூலை 20 குண்டு வெடித்து ஹிட்லர் தப்பியதும் பிடிபட்டார். படையில் இருப்பவரை ராணுவ நீதிமன்றம்தான் விசாரிக்க முடியும். அதனால் மற்ற மார்ஷல்களையும் ஜெனரல்களையும் உட்காரவைத்து ஒரு கௌரவ மன்றம் கூட்டி, ஆகஸ்ட் 4ஆம் தேதி அவரைப் படையிலிருந்தே நீக்கினார்கள். 7ஆம் தேதி மக்கள் நீதிமன்றத்தில், ஓடும் கேமரா முன்னால், பழைய சிவில் உடையில், பெல்ட் இல்லாமல் நிறுத்தினார்கள். அறுபத்திரண்டு வயது மனிதர் நழுவும் கால்சட்டையைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றார். நீதிபதி ஃப்ரைஸ்லர் அதைச் சொல்லியே கத்தினார். மறுநாள் தூக்கு.

தூக்கில் போடப்போகிற கிழவரிடமிருந்து ஒரு பெல்ட்டைப் பிடுங்க வேண்டிய அவசியம் என்ன? குறுக்கே போட்ட அந்த இரண்டு கோல்களோடு அவர் கூண்டில் ஏறியிருந்தால், கோர்ட்டில் ஒரு சிப்பாயின் கை தன்னை மறந்து சல்யூட்டுக்கு எழுந்திருக்கும். அந்தப் பயம்தான். வேடத்தின் சக்தியை முழுசாக நம்பியவர்கள் கொன்றவர்கள்தான். செருப்புத் தைப்பவரைக் கேப்டனாக்கிய அதே நம்பிக்கை, முப்பத்தெட்டு வருஷம் கழித்து ஒரு மார்ஷலை வெறும் கிழவராக்கப் பார்த்தது. அந்த விசாரணையைப் பிடித்த படத்தின் துண்டுகள் மிஞ்சியிருக்கின்றன. மருமகன் கம்ப்யூட்டரில் காட்டினார். கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்தான் அந்த அறையில் எனக்கு ஆபீசராகத் தெரிந்தார்.

இனி நான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த விஷயம்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம். ஒரு தென்மாவட்டத்து ஊர், பெயர் வேண்டாம். மந்திரி வருகைக்குப் பந்தோபஸ்து. பஸ் ஸ்டாண்டு வாசலைச் சுத்தமாக வைக்கச் சொல்லி வாய்மொழியாக உத்தரவு வந்தது. வாசலில் வேப்பமரத்தடியில் ஒருவர் செருப்புத் தைத்துக்கொண்டிருந்தார். எழுந்திருக்கச் சொன்னேன். யாரோ கொடுத்த ஒற்றைச் செருப்பு கையில் பாதித் தையலில் இருந்தது.

"யார் சொன்னது ஐயா?" என்று கேட்டார். எதிர்த்துக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

கோப்பெனிக் மேயரும் இதைத்தான் கேட்டார். கைது செய்ய உத்தரவு எங்கே என்று. ஃபோக்ட் தன் பின்னால் நின்ற துப்பாக்கிச் சிப்பாய்களைக் காட்டியதாகச் சொல்கிறார்கள். நான் எதையும் காட்டவில்லை. "மேலிடத்து உத்தரவு" என்றேன். என் பின்னால் ஏட்டையாவும் இரண்டு கான்ஸ்டபிள்களும் நின்றார்கள். மரப்பெட்டியைக் காலால் நகர்த்தினேன். நகர்த்தினேன் என்று இப்போது எழுதுகிறேன். பெட்டி கவிழ்ந்து ஆணியும் ஊசியும் மெழுகும் சாக்கடையில் விழுந்தன. அவர் ஒற்றைச் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் தோளைப் பார்த்தார். பிறகு கும்பிட்டார்.

மந்திரி அன்று வேறு வழியாகப் போய்விட்டார்.

என் நட்சத்திரங்கள் பொய்யில்லை. அரசாங்கம் கொடுத்தவை. கோப்பெனிக் சிலை முன்னால் எனக்கு வந்த எரிச்சல் எதனால் என்பது ஊருக்குத் திரும்பும் விமானத்தில்தான் பிடிபட்டது. அந்த ஆள் போலி உடை போட்டு ஒரு நாள் செய்ததை நான் அசல் உடையில் செய்தேன். அவர் ரசீதாவது கொடுத்தார்.

ஃபோக்ட் பிற்காலத்தில் லக்சம்பர்க் போய், மறுபடி செருப்புத் தொழில் செய்து, 1922 ஜனவரி 3ஆம் தேதி அங்கேயே இறந்தார். சவ ஊர்வலத்தைப் பார்த்த பிரெஞ்சுச் சிப்பாய்கள் யார் என்று கேட்டதாகவும், கோப்பெனிக் கேப்டன் என்று பதில் வந்ததும் நிஜக் கேப்டன் என்று நினைத்து சல்யூட் அடித்ததாகவும் ஒரு கதை உண்டு. அவருடைய பெயர், பிறந்த ஊர், எடுத்த தொகை, தண்டனைக் காலம் எல்லாம் இன்றைக்கும் பதிவில் இருக்கின்றன.

பஸ் ஸ்டாண்டு சம்பவத்துக்கு நான் எந்தப் பதிவும் போடவில்லை. அந்த வேப்பமரத்தடிக்காரரின் பெயரைக் கேட்டுக்கொள்ளவும் இல்லை.